முட்டை அறையில் இருந்த கேசட்

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில், பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தரும் கடையில், பஞ்சில் நனைத்த ஸ்பிரிட்டின் வாடை வந்ததுமே எனக்கு எரிச்சல் மூண்டது. நாமக்கல்லில் கோழிப்பண்ணையை ஒட்டி இருந்து, இப்போது இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் வீட்டின் ஞாயிற்றுக்கிழமைகளுக்கெல்லாம் அதே வாடைதான். அப்பா பூத்தையல் உறையை விலக்கி, வீடியோ டெக்கின் மூடியைக் கழற்றி, நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, மறுபடி மூடி உறையிடுவாரே தவிர, என் காதுகுத்து கேசட்டை மட்டும் ஒருநாளும் அதில் போட மாட்டார். எனக்கு நினைவு தெரியும் முன்பே இறந்துபோன அம்மாவின் குரல் அந்த ஒரு கேசட்டில்தான் இருந்தது. கேட்டால், "ஓட்ட ஓட்டத் தேஞ்சு போயிரும் சாமி" என்பார். வெயில் படக்கூடாதென்று, தரையில் தண்ணீர் தெளித்துக் குளிர்ச்சியாக வைத்திருந்த முட்டை அறையில், முட்டை அட்டைகளுக்கு நடுவே அதைப் பத்திரப்படுத்தியிருந்தார்.

கடைக்காரர் கேசட்டைத் திறந்து, நாடாவில் வெள்ளையாகப் படர்ந்திருந்த பூஞ்சையைக் காட்டினார். "ஈரத்துல வெச்சுட்டீங்களாட்ட இருக்குதுங்க. தொடச்சுப் பாக்கறேன். ஒருவாட்டி ஓடுனாலே பெருசுங்க."

அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"அப்ப ஓட்ட வேண்டாம்னு சொல்லு சாமி. எடுத்துட்டு வந்துரு."

தொலைபேசியை வைத்துவிட்டு, கடைக்காரரைப் பார்த்தேன்.

"ஓட்டுங்கண்ணா."