எருமை டயர் சைக்கிளில் போன கொளஞ்சி அண்ணன்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு அழலாம். கொளஞ்சி அண்ணன் இறந்த செய்தியை ஆட்டோ ஸ்டீபன் விடியற்காலையில் போனில் சொன்னபோது நான் ஐயோ என்றோ கடவுளே என்றோ சொல்லவில்லை. “சைக்கிள்லேர்ந்து வுழுந்துட்டாரா?” என்றுதான் கேட்டேன். கேட்ட குரலில் துக்கத்தைவிட ஆவல் கூடுதலாக இருந்தது. அவர் அந்தச் சைக்கிளை வாங்கிய நாளிலிருந்து, ஒருநாள் அதிலிருந்து விழத்தான் போகிறார் என்று டீக்கடையில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

“இல்லண்ணே. ராத்திரி மீன்கொழம்பு ஊத்தி நல்லா சாப்ட்டுப் படுத்திருக்காரு. காலைல அண்ணி எழுப்பினா எழுந்திரிக்கல” என்றார் ஸ்டீபன்.

தூக்கத்தில். அதுவும் மீன்குழம்புக்குப் பிறகு. போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். சாவில்கூட அவருக்கு நல்லதாகத்தான் அமைந்திருக்கிறது என்று பொறாமையாக இருந்தது. அழுகை அதற்குப் பின்னால், பல் விளக்கும்போது வந்தது.

இந்த அஞ்சலியைப் படிக்கிற உங்களில் நிறைய பேருக்கு அவரைத் தெரியும். நானும் அவரும் ஒரே பீங்கான் கம்பெனியில் சூளை அடுக்கியவர்கள். வெந்து வந்த சாமானை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். கணீரென்றால் நல்ல சாமான், மொத்தென்றால் உள்ளே வெடிப்பு. நாங்கள் அந்தப் பழக்கத்தைக் கம்பெனி வாசலோடு விட்டுவிட்டு வருவோம். அவர் விடமாட்டார். டீ கிளாஸைத் தட்டுவார், கல்யாண வீட்டில் குத்துவிளக்கைத் தட்டுவார். புதிதாகக் கட்டிய வீட்டின் கதவு நன்றாக இருக்கிறதே என்று தட்டிப் பார்த்து, உள்ளேயிருந்து ஆள் வந்து திறந்ததும் உண்டு.

அந்தச் சைக்கிளை முதலில் பார்த்தவன் நான். இதை இங்கே சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? ஜங்ஷன் ரோட்டுப் பழைய சாமான் கடைக்கு ஃபேன் வாங்கப் போனது நான், துணைக்கு வந்தது அவர். கிழிந்த சோபாவுக்குப் பின்னால் பச்சை நிறத்தில், தடித்தடியான கறுப்பு டயர்களோடு ஒரு கியர் சைக்கிள் நின்றது. மலையேறுகிற சைக்கிளாம். நம் ஊருக்குப் பழமலை என்று பெயர்தான் இருக்கிறது, ஏறுவதற்கு ஒரு மேடு கிடையாது.

“அண்ணே, இங்க பாருங்க, எருமமாட்டுத் தோல்ல டயரு போட்டிருக்கான்” என்றேன்.

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சோபாவைச் சுற்றிக்கொண்டு போய்க் குனிந்து, சைக்கிளின் பாரை முட்டியால் தட்டினார். காதைச் சாய்த்தார். இன்னொரு இடத்தில் தட்டினார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

“கணீர்னு இருக்குது தொர. உள்ள வெடிப்பு இல்ல” என்றார். என் பெயர் சின்னதுரை. அவருக்குத் தொர.

அண்ணன் கல்யாணமான புதிதில் சைக்கிளில் பறந்தவர்தான். பிறகு மொபெட் வந்தது, தொப்பை வந்தது, சர்க்கரையும் வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் நாய் துரத்துகிறது என்று அதையும் விட்டிருந்தார். அப்படிப்பட்டவர் அன்றைக்கு அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி கிளம்பினார். பாரைத் தட்டினார், ரிம்மைத் தட்டினார், சீட்டைக்கூடத் தட்டினார். பிரேக்கை மட்டும் பிடித்துப் பார்க்கவில்லை. பீங்கானில் பிரேக் கிடையாதல்லவா?

மறுநாள் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தவர் நிற்கவில்லை. “தள்ளு, தள்ளு” என்று கத்திக்கொண்டே முற்றத்தைக் கடந்து, பலகைகளில் காய்ந்துகொண்டிருந்த அகல்விளக்குகளின் மேல் போய்ப் படுத்தார். எழுந்தபோது முகமெல்லாம் வெள்ளை மண். நான் ஓடிப்போய், “அசையாதீங்கண்ணே, அப்படியே சூளைல வெச்சிடறோம், பொம்மைன்னு வித்துக்கலாம்” என்றேன். சூப்பர்வைசர் விளக்குகளைப் பார்த்துக் கத்தினார். அப்போது அண்ணன் சொன்னது இன்றைக்கும் எங்கள் கம்பெனியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

“எதுக்குங்க கத்துறீங்க? அது வேகாத மண்ணு, கரைச்சா திரும்ப வெளக்காயிடும். வெந்த மண்ணு நான்தான். என்னை யாராவது பாத்தீங்களா?”

அவர்மேல் எனக்குப் பொறாமையே இல்லாமல் இருந்த நாள் அது ஒன்றுதான். ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு என் தூக்கம் போனது. அவர் பிரேக்கை மாற்றினார். முதலில் கம்பெனிக்கு, பிறகு மணவாளநல்லூருக்கு, பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரைத் தாண்டி. ஆட்டோவிலேயே உட்கார்ந்து முதுகு வளைந்துபோன ஸ்டீபனும் தானொரு பழைய சைக்கிளைத் தேடிப் பிடித்து அவருடன் சேர்ந்துகொண்டார். சர்ச்சிலிருந்து நேராகச் சைக்கிளுக்கு. ஒருநாள் திட்டக்குடிப் பக்கம் வெலிங்டன் ஏரிவரை போய், ஏரிக்கரையில் இரண்டு பேரும் நிற்கிற படத்தை எனக்கு அனுப்பினார்கள். நான் படத்தைப் பெரிதாக்கி அண்ணனின் தொப்பையைத் தேடினேன். இல்லை.

என் மனைவி செல்வி படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். “அவரு ஒங்களவிடப் பெரியவரு. ஏரிக்குப் போயிட்டு வராரு. நீங்க தெருமொனை டீக்கடைக்கு வண்டிய எடுக்கிறீங்க.”

“அவருக்குச் சர்க்கரை, அதனால ஓட்டுறாரு” என்றேன்.

“ஒங்களுக்கும் வரட்டும்” என்றாள். வாழ்த்தா சாபமா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அண்ணன் என்னையும் கூப்பிடாமல் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அடுக்கிய சூளையின் வாசலை அடைத்துவிட்டுக் கை கழுவும்போது, “நாளைக்கு வரியா தொர? ஒனக்கும் ஒண்ணு பாத்துக்கலாம்” என்பார். நான் என் வழக்கப்படி, “எருமைக்குப் பொறத்தால நான் எதுக்குண்ணே?” என்பேன். “சரி” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அவ்வளவுதான். ஒரே நாளில் இரண்டாம் தடவை கேட்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. “கேக்குறது என் வேலை, வரது ஒன் வேலை” என்பார். இன்னொரு தடவை மட்டும் கேட்டிருந்தால் போயிருப்பேன். அவர் கேட்பார் என்று நானும், நான் வருவேன் என்று அவரும் காத்திருந்தோமோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெல் சத்தம் தெருவைக் கடக்கும்போது, போர்வைக்குள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பேன்.

சாவுக்கு வந்த கூட்டத்தையும் சொல்ல வேண்டும். திட்டக்குடி ரோட்டில் அவர் வழக்கமாக இளநீர் குடிக்கும் கடைக்காரர்கூட வந்து அழுதார். அந்த ரோட்டில் நான் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். எனக்காக அழ ஒருவரையும் அங்கே சம்பாதிக்கவில்லை.

காரியத்தன்று படையலுக்குப் பக்கத்தில், அண்ணனின் படத்தோடு சைக்கிளையும் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். ஹேண்டில்பாரில் மாலை, டயருக்குச் சந்தனம் குங்குமம். நான் படத்தைக் கும்பிட்டதைவிட அதிக நேரம் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டீபனும் பார்த்தார். அது அவருக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். கூடவே மிதித்தவர் அவர். நான் கூடவே கிண்டல் செய்தவன். அது அவர் வீட்டு வாசலில் நிற்கப்போவதையும், தினமும் நான் அதைத் தாண்டிக் கம்பெனிக்குப் போகப்போவதையும் நினைத்தபடியே பந்தியில் போய் உட்கார்ந்தேன்.

அண்ணனின் மனைவி அஞ்சலை அண்ணி பந்திக்கு நடுவில் வந்து என் எதிரில் நின்றார்.

“தம்பி, சைக்கிள எடுத்துக்கிறியாப்பா?”

பாழாய்ப்போன வாய். “எருமைய எங்க அண்ணி கட்டுறது, எங்க வூட்ல எடமில்ல” என்றது அது.

பந்தியில் நாலு பேர் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. “சரிப்பா” என்று சொல்லிவிட்டு ஸ்டீபன் பக்கம் திரும்பினார். வீட்டுக்காரரைப் போலவே அவரும் ஒரு தடவைதான் கேட்பார்போல. அவர் ஸ்டீபனைக் கூப்பிட வாயைத் திறந்தபோது நான் இலையைத் தாண்டி எழுந்துவிட்டேன்.

“அண்ணி, வேணும். எனக்குத்தான் வேணும். ஸ்டீபனுக்குத் தராதீங்க.”

கைநிறையச் சாம்பாரோடு இதைச் சொன்னேன். பந்தி மொத்தமும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஸ்டீபன்தான் முதலில் பேசினார். “எனக்குத்தான் சொந்தமா ஒண்ணு இருக்குதேண்ணே. இதச் சொல்றதுக்கு அவரு போவணுமா? ஒவ்வொரு வாரமும் ஒங்க வூட்டுக்கிட்ட வந்ததும் ‘பெல்ல நல்லா அடி, அவன் முழிச்சிட்டுத்தான் இருப்பான்’னு சொல்லுவாரு.”

அதைக் கேட்டபோது எனக்கு வந்தது சிரிப்பல்ல. சாம்பார் கையோடு கண்ணை எப்படித் துடைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். அண்ணி தன் முந்தானையைக் கொடுத்தார். “ஓட்டணும் தம்பி. வாசல்ல நிறுத்தி வெச்சி ஊருக்குக் காட்டக் கூடாது” என்றார்.

ஓட்டுகிறேன். கியர் இன்னும் பிடிபடவில்லை, இருக்கிற கியரிலேயே போய்க்கொண்டிருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யாராவது கேட்டால் சைக்கிள் என்று சொல்லமாட்டேன். அது அண்ணியுடையது, நான் மேய்க்கிறேன். எனக்கு மிஞ்சியது பொறாமைதான். மணிமுத்தாற்றுப் பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கித் தள்ளலாமா என்று தோன்றும். இதை அவர் உட்கார்ந்தபடியே, ஸ்டீபனோடு பேசிக்கொண்டே ஏறியிருப்பார் என்று நினைப்பேன். வயிறு எரியும். மிதித்துவிடுவேன். இருந்தபோது என்னைக் கட்டிலில் படுக்கவைத்த அதே பொறாமை, அவர் போன பிறகு என்னைப் பாலம் ஏற்றுகிறது. அது தீர்ந்துவிடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டீபனும் நானும் சேத்தியாத்தோப்புவரை போனோம். திரும்பும் வழியில் என் வேட்டி செயினுக்குள் போய்விட்டது. இழுத்துப் பார்த்தோம், வரவில்லை. பிளேடு வாங்கலாம் என்றால் கடை அடைத்திருந்தது. வேட்டியைச் சைக்கிளிடமே விட்டுவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு பாலக்கரைவரை தள்ளிக்கொண்டு வந்தேன். அங்கே செல்வி தன் தங்கையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள்.