நாணயம் வரும்வரை வீடு காலியில்லை

சத்தியநாதன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு மாதமாகியும் ஆம்பூர் வாடகை வீட்டைக் காலி செய்யவில்லை. புது வீடு முடியாததால் அல்ல. கணியம்பாடியில் புது வீடு முடிந்து, பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணி, நூறு பேருக்குப் பிரியாணியும் போட்டாகிவிட்டது. கட்டில், பீரோ, பாத்திரம், கிரைண்டர் எல்லாம் போய்விட்டன. மனைவி கிருபாவும் போய்விட்டாள். மிச்சம் இருந்தது சத்தியநாதனும், ஒரு பாயும், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், ஒரு கெட்டிலும், சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு தோல் துண்டும்தான்.

கேட்டவர்களிடமெல்லாம் அவர் உண்மையையே சொன்னார்.

"ஒரு பார்சல் வரணும்."

முப்பத்தொரு வருஷம் ஒரு ஷூ கம்பெனியில் டிஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தவர் அவர். எந்தப் பெட்டி எந்த வாரம் எந்தக் கப்பலில் ஜெர்மனிக்குப் போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டவர்களும் உண்டு. ஜெர்மனியில் அப்போது சாயங்காலம்.

வேலையைத் தவிர அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் நினைவு நாணயங்கள். அரசு நாணயச்சாலை வெளியிடும் வெள்ளி நாணயங்களை இணையத்தில் பதிவு செய்து வாங்குவார். ஷூவுக்கு ஆகாது என்று ஒதுக்கிய தோலில் கம்பெனி ஆட்களை விட்டு வட்டமாக ஓர் ஓட்டை வெட்டச் சொல்லி, பிளாஸ்டிக் உறையோடு நாணயத்தை அதில் பொருத்தி வைப்பார். உறை இல்லாமல் வெள்ளி தோலைத் தொட்டால் கறுத்துவிடும். இதை ஆம்பூரில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அப்படி இருபத்தாறு துண்டுகள், இருபத்தாறு நாணயங்கள். இருபத்தேழாவது துண்டில் ஓட்டை தயார். நாணயம்தான் இல்லை.

அது கலங்கரை விளக்க நாணயம். சத்தியநாதன் கடலைப் பார்த்ததே மூன்று தடவைதான். இருந்தாலும் போன வருஷம் ஜூனில், விற்பனை திறந்த ஆறாவது நிமிஷத்தில் பதிவு செய்தார். மூன்று மாதத்தில் வரும் என்று போட்டிருந்தது. முகவரிக் கட்டத்தில் கணியம்பாடியை எழுத முடியவில்லை. அங்கே அப்போது அஸ்திவாரக் குழியும் ஒரு வேப்பமரமும்தான். கதவே இல்லை, கதவு எண் ஏது? ஆகையால் ஆம்பூர் முகவரியைக் கொடுத்துவிட்டு, டிஸ்பாட்ச் முறைப்படி நோட்டில் அட்டவணை போட்டார். செப்டம்பர், நாணயம். மார்ச், ரிட்டயர்மென்ட். மே, வீடு.

மேஸ்திரி பச்சையப்பன் சொன்ன தேதியில் எதையாவது முடித்தார் என்று ஒடுகத்தூரிலிருந்து கணியம்பாடி வரை ஒருவரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். இந்த வீட்டை மட்டும் ஏப்ரலிலேயே முடித்துவிட்டார். அரசாங்கத்தை நம்பி, பச்சையப்பனை நம்பாமல் அட்டவணை போட்டதுதான் தப்பு.

அந்த வீடு கட்டியதற்குக் காரணம் ஒரு பஸ். கிருபா வேலூரில் ஆஸ்பத்திரி நர்ஸ். இருபத்திரண்டு வருஷமாக ஆம்பூரிலிருந்து வேலூருக்கு விடிகாலை பஸ்ஸில் போய், சாயங்காலம் அதே கூட்டத்தில் திரும்பி வந்தவள். டூட்டி முழுக்க நிற்பாள், பஸ்ஸிலும் நிற்பாள். "நான் ரிட்டயர் ஆனதும் இந்த பஸ்ஸே உனக்கு வேணாம், கிருபா. வேலூர் பக்கம் போய்டலாம்" என்று சத்தியநாதன் வார்த்தை கொடுத்திருந்தார். வேறு எந்த வார்த்தையும் கொடுக்கும் ஆளில்லை அவர்.

செப்டம்பரில் நாணயச்சாலையின் இணையப் பக்கம் 'அண்டர் ப்ராசஸ்' என்று காட்டியது. டிசம்பரிலும் அதையே காட்டியது. மெயில் அனுப்பினார். பதில் வந்தது: 'தங்கள் ஆர்டர் அண்டர் ப்ராசஸ். விரைவில் அனுப்பப்படும். தங்கள் பொறுமைக்கு நன்றி.'

சத்தியநாதனுக்குக் கோபம் வரவில்லை. இதே மூன்று வரியை அவரே ஜெர்மனிக்கு வாரம் இரண்டு தடவை எழுதியவர். 'அண்டர் ப்ராசஸ்' என்றால் தோல் இன்னும் பதனிடும் டேனரியை விட்டே வரவில்லை. 'விரைவில்' என்றால் எப்போது என்று இன்னும் யாரையும் கேட்கவில்லை. 'பொறுமைக்கு நன்றி' என்றால் மறுபடி மெயில் போடாதே. ஒரு சமையல்காரர் அடுத்த வீட்டுக் குழம்பை ருசி பார்ப்பதுபோல் அந்த மெயிலை இரண்டு தடவை படித்து, "நல்லா எழுதிருக்கான்" என்றார்.

'நாணய நண்பர்கள்' வாட்ஸ்அப் குழுவில் இருந்த நூற்றுப் பத்துப் பேருக்கு அந்தத் தொழில் மரியாதை கிடையாது. காலை வணக்கத்துக்குப் பதிலாக ஆர்டர் எண்ணைப் போட்டு 'இன்னும் இல்லை' என்று எழுதுவார்கள். திருச்சிக்காரர் ஒருவர் மகன் பிறந்த அன்று பதிவு செய்தார். மகன் இப்போது நடக்கிறான். சேலத்தில் ஒருவர் காலமானார். அவருடைய ஆர்டர் அண்டர் ப்ராசஸில் இருப்பதாக அவர் மனைவி குழுவுக்குத் தெரிவித்தார்.

ஏப்ரலில் கோவைக்காரர் ஒருவர் எழுதினார்: 'வீடு பூட்டியிருந்தது. பார்சல் திரும்பிப் போய்விட்டது. மறுபடி வர பதினோரு மாதம்.'

இதை சத்தியநாதன் நாலு தடவை படித்தார். உடனே முகவரியை மாற்றச் சொல்லி மெயில் போட்டார். 'பதிவுக்குப் பின் முகவரி மாற்ற இயலாது. தங்கள் பொறுமைக்கு நன்றி.' மறுநாள் சாமான் ஏற்ற வந்த வேனில் எல்லாம் ஏறின. கிருபா முன்சீட்டில் ஏறினாள். அவர் ஏறவில்லை.

அதிலிருந்து தினமும் பன்னிரண்டு மணிக்குத் தெருவில் எழிலரசியின் ஸ்கூட்டி வரும். அந்தப் பகுதிக்குத் தபால் கொடுப்பவள் அவள்தான். சத்தியநாதன் வாசலுக்கு வருவார்.

"இருக்காம்மா?"

"இல்ல சார்."

அவ்வளவுதான் பேச்சு. உள்ளே போய் ஆணியிலிருந்து தோல் துண்டை எடுத்து, ஓட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் சுற்றித் தடவிவிட்டு மறுபடி மாட்டுவார்.

ஆகஸ்டில் வீட்டுக்காரர் கவுஸ் பாஷா வந்தார்.

"இன்னா சத்தியா சார், ஏப்ரல்னீங்க, மேன்னீங்க. என் பொண்ணு ஹீனா, புருஷன், ரெண்டு புள்ளைங்களோட மேல்விஷாரத்துலருந்து வந்து எறங்கிட்டா. இந்த வீட்ட அவளுக்குன்னு சொல்லிட்டேன். இப்ப என் கட்டில்ல மருமகன் படுக்கறாரு. நான் ஹால்ல ஃபிரிட்ஜ் பக்கத்துல படுக்கறேன். அது ராத்திரி பூரா என்னோட பேசுது."

"ஒரு பார்சல் வரணும் பாய்."

"இன்னா பார்சல்? துபாய்லருந்து தங்கமா?"

"வெள்ளி. நாணயச்சாலைலருந்து. பதினாலு மாசம் ஆச்சு."

"பதினாலு மாசமா? ஒட்டகம்கூட பதிமூணு மாசத்துல குட்டி போட்டுடும் சார்! நம்பர் குடுங்க."

நாணயச்சாலையில் போன் எடுப்பவர்களுக்கு இந்திதான் வரும். சத்தியநாதனின் இந்தி மூன்று வார்த்தையில் தீர்ந்துவிடும். கவுஸ் பாஷாவிடம் ஆம்பூர் உருது இருந்தது. போன் எடுத்ததும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் குரல் இறங்கியது. பிறகு சிரித்தார். பிறகு வருத்தமாக 'ச்ச்ச்' கொட்டினார். இருபது நிமிஷம் கழித்து வைத்தார்.

"இன்னா சொன்னாரு பாய்?"

"நல்ல மனுஷன் சார். பாவம், அவங்க அம்மாவுக்கு முட்டி வலியாம். வேலூருக்குக் கூட்டினு வாங்க, நான் பாத்துக்கறேன்னு சொல்லிருக்கேன்."

"என் பார்சல்?"

"அடுத்த வாரம்."

"அடுத்த வாரம் கேட்டா அடுத்த வாரம்னுதான் சொல்வாங்க பாய். நானே ஜெர்மனிக்குச் சொல்லிருக்கேன்."

"உங்களுக்குச் சொல்லிருப்பாங்க. இது எனக்குச் சொன்ன வார்த்தை."

அடுத்த வாரம் வந்தது. பார்சல் வரவில்லை. கவுஸ் பாஷாவின் முகம் கறுத்தது. வீட்டிலிருந்து இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து சத்தியநாதன் பக்கத்தில் போட்டார். தினமும் பதினொன்றரைக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு நாள் ஹீனா போனில் கத்தியது சத்தியநாதனுக்கே கேட்டது. "வீட்ட காலி பண்ண வெக்கப் போனீங்களா, நீங்களும் அங்கயே குடி போய்ட்டீங்களாப்பா?"

புதன்கிழமை கிருபாவுக்கு லீவு. புதன்தோறும் டிபன் கேரியரில் குழம்பும் பொரியலும் எடுத்துக்கொண்டு கணியம்பாடியிலிருந்து வேலூர், வேலூரிலிருந்து ஆம்பூர் என்று இரண்டு பஸ் மாறி வருவாள். அந்தப் புதன் வந்தபோது இருவரும் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள். கவுஸ் பாஷா எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அவள் வேண்டாமென்று பாயில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது.

"நின்னுக்குனே வந்தியா?" என்றார் சத்தியநாதன்.

"பள்ளிகொண்டா வரைக்கும். அங்க ஒருத்தர் எறங்கினாரு."

ஸ்பூன் எடுக்கக் கைப்பையைத் திறந்தாள். கூடவே பஸ் டிக்கெட்டுகள் கொஞ்சம் பாயில் விழுந்தன. கசங்கியவை, நனைந்து காய்ந்தவை, இன்றையது.

"இதெல்லாம் எதுக்குச் சேத்து வெச்சிருக்க?"

"சேக்கறதுக்கு நான் என்ன நீங்களா? பையத் தட்ட நேரமில்ல."

கவுஸ் பாஷா டிக்கெட்டுகளைப் பார்த்தார். "இன்னாம்மா, நீங்க இந்த பஸ்ல போகக் கூடாதுன்னுதானே சார் வீடே கட்டினாரு?"

"ஆமா பாய்," என்றாள் கிருபா. "இப்பப் போறதில்ல. வர்றேன்."

அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். கவுஸ் பாஷா ஃபிரிட்ஜ் மெக்கானிக் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அப்படி யாரும் வருவதாக இல்லை.

"சாப்டுங்க. ஆறிடும்."

சாப்பிட்டார். பன்னிரண்டு மணிக்கு ஸ்கூட்டி வந்தது. வாசலுக்குப் போனார்.

"இருக்காம்மா?"

"இல்ல சார்."

கிருபா பின்பக்கம் கேரியரைக் கழுவி முடித்து வந்தபோது அவர் பாயைச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷம் கட்டிய அதே முடிச்சு.

"இன்னாங்க பண்றீங்க?"

"டிஸ்பாட்ச்."

அவள் கெட்டிலைத் துடைத்துப் பையில் வைத்தாள். தோல் துண்டை ஆணியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

சாவியை வாங்கிக்கொண்ட கவுஸ் பாஷாவுக்கு சந்தோஷமே இல்லை. "பார்சல் வந்தா?"

"திரும்பிப் போகட்டும் பாய்."

"எனக்கு வார்த்தை குடுத்திருக்கான் சார்!" என்றார் அவர்.

பஸ்ஸில் ஒரே ஒரு சீட்தான் இருந்தது. கிருபா உட்கார்ந்தாள். மாதனூர் வருவதற்குள் தூங்கிவிட்டாள். சத்தியநாதன் ஒரு கையில் பாயும் ஒரு கையில் கம்பியுமாக வேலூர் வரை நின்றார். ஜெர்மனிக்கு எத்தனை நாள் என்று அவருக்கு எப்போதும் தெரியும். ஆம்பூரிலிருந்து வேலூர் இவ்வளவு தூரம் என்று அன்றுதான் தெரிந்தது.

ஒன்பதாவது நாள் போன் வந்தது. ஹீனா.

"அங்கிள், பார்சல் வந்திருக்கு. அப்பா எழிலரசி அக்காவ ஸ்கூட்டிய எடுக்க விடமாட்டேங்கறாரு. நீங்களே பேசுங்க."

எழிலரசி வாங்கிப் பேசினாள். "சார், இன்சூர் பண்ண பார்சல். உங்க கைலதான் குடுக்கணும். போஸ்ட் ஆபீஸ்ல வெச்சிருக்கேன். ஏழு நாளுக்குள்ள ஆதார் எடுத்துனு வந்து வாங்கிக்குங்க."

"ஏழு நாளா?"

"ஆமா சார். ஆள் இல்லன்னா ஏழு நாள் வெச்சிருந்துதான் திருப்பி அனுப்புவோம்."

"இது எப்பலருந்தும்மா?"

"நான் வேலைக்குச் சேந்ததுலருந்து இப்படித்தான் சார்."

"நாலு மாசமா தினம் பாத்துக்கினோமே. சொல்லலியேம்மா."

"நீங்க 'இருக்கா'ன்னுதானே சார் கேட்டீங்க?"

அவள் சொன்னது சரிதான். வாழ்க்கை முழுக்க அனுப்புகிற பக்கமே உட்கார்ந்திருந்தவருக்கு, வாங்குகிற பக்கம் என்ன வழக்கம் என்று கேட்கத் தோன்றவில்லை. குழுவில் கோவைக்காரரை விசாரித்தார். வீடு பூட்டியிருந்தது எத்தனை நாள்? இரண்டு மாதம் என்று பதில் வந்தது. மகளைப் பார்க்க சிங்கப்பூர் போயிருந்தாராம்.

மறுநாள் ஆம்பூர் போஸ்ட் ஆபீசுக்கு அவர் போனபோது, கவுஸ் பாஷா சலவைச் சட்டையில் அத்தர் மணக்க முன்னாலேயே நின்றிருந்தார். கவுண்டரிலேயே பிரித்தார்கள். உறைக்குள் ஒரு கலங்கரை விளக்கம், கீழே மூன்று அலை. கவுஸ் பாஷா அதை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"இதுக்கா சார் ஃபிரிட்ஜ் பக்கத்துல படுத்தேன்?" என்றார். இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். "நான் சொல்லல? சொன்ன வார்த்தைய காப்பாத்திட்டான்."

கணியம்பாடி வீட்டில் சத்தியநாதன் பிரிக்காத பெட்டிபோல் உட்கார்ந்திருந்தார். கிருபா வராமல் பொருத்த மனமில்லை. காலை டூட்டி முடித்து அவள் வந்து, கை கால் கழுவி, பக்கத்தில் உட்கார்ந்ததும், தோல் துண்டை மேஜையில் வைத்து நாணயத்தை ஓட்டையில் அழுத்தி, துண்டைத் தூக்கினார்.

நாணயம் ஓட்டை வழியாக நேரே கீழே விழுந்து, உருண்டு, கட்டிலுக்கு அடியில் போனது.

மெல்லிய ஆட்டுத் தோல். நாலு மாதமாக தினமும் கட்டைவிரல் பட்டு ஓட்டை இளகிப் பெரிதாகிவிட்டிருந்தது. தோல் இழுபடும் என்பதும் ஆம்பூரில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லாத விஷயம்தான்.

கிருபா குனிந்து நாணயத்தை எடுத்தாள். கலங்கரை விளக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைப்பையிலிருந்து காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்டர் சுருளை எடுத்து, உறையின் விளிம்பைச் சுற்றி ஒரே ஒரு சுற்று ஒட்டி, பல்லால் கிழித்தாள்.

"இப்ப வெச்சுப் பாருங்க."

வைத்தார். கச்சிதமாக நின்றது.

சத்தியநாதன் நோட்டை எடுத்து, செப்டம்பருக்கு நேராக இருந்த 'நாணயம்' என்ற வரியை அடித்து, பக்கத்தில் தேதி எழுதினார். கடிகாரத்தைப் பார்த்தார். நாலே கால். கிருபா எதிரில் காலை மடக்கி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். பழைய கணக்குக்கு, இந்நேரம் அவள் ஆம்பூர் பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டாமல் நின்றுகொண்டிருப்பாள்.