கைப்பிடியில் இல்லாத துண்டு

கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்து, பாலிங் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் மலையடியில் உழைத்து, சென்ற ஆண்டு இறைவனடி சேர்ந்த எங்கள் அப்பாவின் முதலாண்டு நினைவுநாளுக்காக, மூத்த மகளாகிய நான் இதை எழுதுகிறேன்.

அப்பா யாரையும் இலேசில் நம்பமாட்டார். பார்த்துப் பார்த்து வாங்கிய மீனை வீட்டுக்கு வந்தும் ஒருமுறை செவுளைத் திறந்து பார்ப்பார். அந்தக் குணம் எனக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவர் கல் குவாரியில் சேர்ந்தபோது சம்மட்டியும் கடப்பாரையும்தான் இருந்தன. பிறகு காற்றில் ஓடும் துளைக்கருவி வந்தது. அதற்கும் பிறகு, பாறையை நொறுக்கி ஜல்லியாக்கும் பெரிய இயந்திரம் வந்தது. அதில் கல் சிக்கினால் ஒருவர் உள்ளே இறங்கித்தான் எடுக்கவேண்டும். இறங்குபவர் தம் தலைத்துண்டை இயந்திரத்தை ஓடவிடும் கைப்பிடியில் கட்டிவிட்டுப் போவார். துண்டு இருக்கும்வரை கைப்பிடியை யாரும் தொடமாட்டார்கள்.

ஒருநாள் என் சித்தப்பா உள்ளே இருக்கும்போதே இயந்திரம் ஓடிவிட்டது; அவர் அங்கேயே இறந்துபோனார். கைப்பிடியை இழுத்தவர் அப்பாவின் நண்பர் பெருமாள் மாமா.

"துண்டு இல்லண்ணே, சத்தியமா இல்ல" என்று அவர் தலையிலடித்துக்கொண்டாராம். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். சித்தப்பாவாவது துண்டு கட்டாமல் இறங்குவதாவது, பெருமாள்தான் அவிழ்த்திருப்பார் என்று நம் குடும்பமே முடிவுகட்டியது. மாமா வேலையை விட்டுச் செமிலிங் பக்கம் போய்விட்டார். புதுவகை நொறுக்கிகள் வந்து, அந்த இயந்திரம் பழைய இரும்புக்குப் போன பிறகும் நம் சந்தேகம் போகவில்லை.

நுரையீரல் கெட்டு அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது, மாமா தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை காலம் இல்லாத பாசம் இப்போது எதற்கு? சாகக் கிடப்பவரிடம் என்ன கறக்கப் பார்க்கிறார்? அவர் கொண்டுவந்த கஞ்சியை மோந்து பார்த்துத்தான் அப்பாவுக்கு ஊட்டினேன். அவரை அப்பாவோடு தனியே விடவும் இல்லை.

ஒரு மாலை, மாமா கிளம்பியதும் அப்பா என் கையைப் பிடித்தார்.

"பெருமாள சந்தேகப்படாதம்மா. என் தம்பிய வெளிய தூக்குனப்ப துண்டு அவன் இடுப்புலதான் இருந்துச்சு. அவசரத்துல கட்ட மறந்துட்டான். செத்தவன் மேலயே தப்புன்னு சொல்லிடுவானுங்கன்னு நான்தான் உருவி மறச்சேன்."

அப்பாமேல் எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்க விரும்பவில்லை. காரியம் முடிந்த அன்று மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்லா. உங்கப்பா உருவுனத நானும் பார்த்தேன்" என்றார்.

"அப்புறம் ஏன் மாமா சொல்லல?"

"தம்பிய மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அப்ப போயி என்னான்னு சொல்றது? பிறகு சொன்னா மட்டும் யாரு நம்பப் போறா?"

இதைப் படித்த பிறகும் நம்பாதவர்கள் இருப்பீர்கள். நம் சொந்தத்தை எனக்குத் தெரியாதா? நம்பாதவர்கள் என்னிடம் நேரில் வந்து கேளுங்கள்.

அப்பாவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், பாடை சுமந்த குவாரி நண்பர்களுக்கும், இரவு பகல் பாராமல் ஓடியாடிய உறவுகளுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. பெருமாள் மாமாவிடம் நாங்கள் கேட்கவேண்டியது மன்னிப்பு. இன்று படையல் முடிந்ததும் முதல் பந்தியில் அவர் உட்காருவார். தயவுசெய்து யாரும் எழுந்து போய்விடாதீர்கள்.