இத்தாவுக்கு நான் சொன்ன யோசனை

உளவியல் படித்துவிட்டுப் புத்தளத்துக்கு வந்த புதிதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சமென்ன, நிறையவே. ஆதரவுச் சிகிச்சையை ஒரு சிகிச்சையாகவே நான் மதிக்கவில்லை. பொறுமையாகக் கேட்பது, தைரியம் சொல்வது, ஆள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரோ அதைப் பிடுங்காமல் விடுவது. இதற்கு ஏன் ஒரு படிப்பு என்று பயிற்சியின்போதே முணுமுணுத்தவன் நான்.

புத்தளத்துக் கரைத்தீவிலிருந்து ஒரு பெண் கிளினிக்குக்கு வருவார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டபோது, "நீங்க முன்னுக்குப் போங்க, நான் வீட்டப் பூட்டிட்டு வாறன்" என்ற கணவர் வரவே இல்லை. யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் இந்தப் பெண் ஊருக்குப் போய்த் தேடிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு நித்திரை இல்லை. ஆனாலும் தினமும் பகல் கணவருக்கென்று ஒரு பீங்கானில் சோறு போட்டு மூடி வைப்பார். பின்னேரம் அஸர் தொழுத பிறகு அதையே தான் சாப்பிடுவார்.

"பசியோட வந்தாரெண்டா, சேர்?" என்பார்.

அதில் கை வைக்காதே, நித்திரையை மட்டும் பார் என்றார் என் மேற்பார்வையாளர். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மனுசி இருபது வருடம் இப்படிக் காத்திருப்பதா? நானே ஒரு மௌலவியிடம் போய் விசாரித்தேன். இவ்வளவு காலம் தகவல் இல்லாதவரை மவுத்தானவராக, அதாவது இறந்தவராக, முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் காதியார் தீர்மானித்தால், மனைவி விதவைக்குரிய துக்க காலமான இத்தா இருக்கலாம் என்றார். ஓடிவந்து அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"நாலு மாசமும் பத்து நாளும் இருந்து எழும்பினா மனசு ஆறும்."

"படிச்ச நீங்க சொன்னா சரியாத்தான் இரிக்கும்" என்றார்.

காதியாரின் தீர்ப்பும் கிடைத்தது. அடுத்த கிளினிக் நாளில் அந்தப் பெண்ணின் கதிரை காலி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தாவில் இருப்பவர் வீட்டை விட்டு வரமாட்டார், அந்நிய ஆணுக்கு முகம் காட்டவும் மாட்டார். நானும் அந்நிய ஆண்தானே. முஸ்லிமாய்ப் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவசரக்காரனான எனக்கு அந்த மட்டான புத்தியும் இல்லை. அனுப்பிவைக்க எங்களிடம் ஒரு பெண் உத்தியோகத்தரும் இருக்கவில்லை. வெட்கத்திலும் பயத்திலும் எனக்கும் நித்திரை போனது.

மூன்றாம் வாரம் அவருடைய மகள் வந்தார்.

"உம்மா இப்ப சோறு மூடி வைக்கிறல்ல சேர். அவவும் தின்றல்ல. பிளேன்ரீயும் ஒரு துண்டுப் பாணும்தான்."

"கதைக்கிறாவா?"

"இல்ல. ஒண்டே ஒண்டு மட்டும் உங்களுட்டக் கேட்டு வரச் சொன்னா." அவர் நிலத்தைப் பார்த்தார். "வாப்பா மவுத்தானத ஆர் கண்டதாம்?"

"ஒருத்தரும் காணல்ல" என்றேன்.

"அப்ப மிச்ச நாளும் உம்மா எதுக்கு சேர் இத்தா இரிக்கணும்?"