கொல்லைப்புறத்து எருக்கு

எங்கள் வீட்டுக் கொல்லையை எங்கள் தெருவில் யாரும் தோட்டம் என்று சொன்னதில்லை. காடு என்பார்கள். யாருக்காவது வழி சொல்லும்போதுகூட "அந்தக் காட்டு வீட்டுக்கு அடுத்த வீடு" என்றுதான் சொல்வார்கள். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைக்குப் போகும் பக்கம், முன்னும் பின்னும் சிமெண்ட் போட்டு மெழுகிவிட்ட வீடுகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் வீடு. நானும் ஒரு காலத்தில் சிமெண்ட் போட்டவன்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அதை உடைத்தெடுத்துவிட்டு, மன்னார்புரம் பக்கம் ஒரு நர்சரியிலிருந்து குரோட்டன்ஸும் பட்டன் ரோஸும் வாங்கிவந்து வைத்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. ஒரு பூச்சி எட்டிப் பார்க்கவில்லை. பூச்சி வராத இடத்துக்குக் குருவி எதற்கு வரும்? கல்யாண மண்டபத்து வாசலில் வைக்கிற பிளாஸ்டிக் செடியையே வாங்கியிருக்கலாம், தண்ணீராவது மிச்சம்.

வெறுத்துப்போய், இந்த மண்ணுக்கு எது பிடிக்கிறதோ அது வரட்டும் என்று விட்டுவிட்டேன். தும்பை வந்தது, குப்பைமேனி வந்தது. நொச்சியையும் ஆடாதோடையையும் நானே கொண்டுவந்து ஊன்றினேன். மதிலோரத்தில் ஒரு எருக்கு தானாக முளைத்து, நான் கவனிக்கும் முன்பே இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. அதன் பூவுக்குக் கருவண்டு வந்தது, தேன்சிட்டு வந்தது. இலையில் முட்டையிட வெந்தயவரியன் என்கிற ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி வந்தது. அதன் புழு எருக்கிலையைத் தின்றுதான் வளரும். ரோஜா இலையைக் கொடுத்தால் பட்டினி கிடந்து செத்துப்போகும்.

என் மனைவிக்கு அந்தச் செடியைக் கண்டாலே ஆகாது. "சண்ட போடுறவங்க உன் வீட்டுல எருக்கு மொளைக்கன்னு சாபம் விடுவாங்க. நீங்க அதத் தண்ணி ஊத்தி வளக்குறீங்க" என்பாள். தெருவும் அப்படித்தான். ஆனால் பிள்ளையார் சதுர்த்தியன்று காலையில் அத்தனை பேரும் பையை எடுத்துக்கொண்டு எங்கள் கொல்லைக் கதவைத் தட்டுவார்கள். அன்றைக்கு மட்டும் அது சாமிப் பூ. மறுநாள் மறுபடியும் பீடை.

மகள் மூன்றாவது முறையாக உண்டாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது யாரும் இனிப்பு கொடுக்கவில்லை. முதல் இரண்டும் தங்கவில்லை. இந்த முறை டாக்டர், பாத்ரூமுக்கு மட்டும் எழுந்தால் போதும், மற்றபடி படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. தினமும் போன் செய்து, வேறு என்ன பேசுவதென்று தெரியாமல், சாப்பிட்டியா என்று கேட்பார். கொல்லையைப் பார்த்த அறையில் ஜன்னலோரமாக அவளுக்குக் கட்டிலைப் போட்டோம்.

ஒரு அப்பனால் இதில் என்ன செய்ய முடியும்? மாத்திரை கொடுக்க அவள் அம்மா இருந்தாள். ஊசி போட ஒரு நர்ஸ் வந்து போனாள். நான் பழம் வாங்கப் போனேன், அன்னாசியை வாங்கிவந்து திட்டு வாங்கினேன். என் கையில் இருந்தது அந்தக் கொல்லை ஒன்றுதான். அவள் தலையைத் திருப்பினால் நேரே தெரிவது எருக்கு. முதலில் சும்மா பார்த்தாள். பிறகு கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி போட்ட புழுக்களைத் தேட ஆரம்பித்தாள். "அப்பா, கீழ எலையில இருந்த பெரியவனக் காணோம், பாருங்க" என்பாள். நான் போய்க் குனிந்து தேடி, தண்டுக்குப் பின்னால் இருக்கிறான் என்று சொன்னால் நிம்மதியாகக் கண்ணை மூடுவாள். வயிற்றில் இருந்ததைப் பற்றிப் பேச எங்கள் யாருக்கும் தைரியமில்லை. அதனால் புழுவைப் பற்றிப் பேசினோம்.

மாப்பிள்ளையின் அம்மா திருவெள்ளறையிலிருந்து பஸ் பிடித்து வந்தார். தோட்டத்துக் கத்தரிக்காயும் முருங்கைக்கீரையும் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். மருமகளின் தலையை வருடிக் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியே எருக்கைப் பார்த்தார்.

கொல்லையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்டார். "அண்ணே, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பாழடைஞ்ச வீட்டுல மொளைக்கிற செடி இது. போன ரெண்டு வாட்டியும் பிள்ள இங்க வந்து இருந்தப்பதான ஆச்சு? இத எடுத்துடுங்கண்ணே. உங்க கால்ல வேணா விழுறேன்."

அவர் அதிகாரமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குப் பத்து வார்த்தை கொடுத்திருப்பேன். எனக்கு வாய் அப்படி. ஆனால் அவர் அழுதுகொண்டு நின்றார். மாமியார் கொடுமை என்று சொல்ல ஒரு காரணமும் இல்லாத மனுஷி. என்னை மாதிரியே பயந்துபோயிருந்தார்.

"ஒரு செடிதான? வெட்டுனா என்ன கொறஞ்சு போயிடும்?" என்றாள் என் மனைவி, அவர் பஸ் ஏறிப் போன பிறகு.

என்ன குறையும் என்று அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வெட்டினால், முதல் இரண்டையும் என் செடிதான் வாங்கிக்கொண்டது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. வெட்டாமல் விட்டு இதற்கும் ஏதாவது ஆகிவிட்டால், ஒரு களைச்செடிக்காகப் பேரப்பிள்ளையைக் கொடுத்தவன் என்று ஊர் சொல்லும். ஊர் கிடக்கட்டும், நானே சொல்லிக்கொள்வேன். இதையெல்லாம் நம்பாதவன் நான். ஆனால் நம்பாதவனுக்குப் பயம் வராது என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு மகள் இல்லை என்று அர்த்தம். செடியைப் பார்க்கவே பிடிக்காமல் போனது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

மறுநாள் காலையில் அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன். இலைக்கு அடியில் கூட்டுப்புழுக்கள் பச்சையாக, வேர்க்கடலை அளவில் தொங்கிக்கொண்டிருந்தன. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"வெட்டிடுங்கப்பா."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினாள்.

"அத்த பேசுனது கேட்டுச்சு. எனக்கும் அதுல நம்பிக்க இல்லப்பா. ஆனா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எல்லாரும் உங்களத்தான் சொல்லுவாங்க. அத என்னால கேட்டுக்கிட்டுப் படுத்திருக்க முடியாது."

புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து, இலையோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டேன். கூட்டுப்புழு தொங்கிய கிளைகளை ஒடித்து அவளுடைய ஜன்னல் கம்பியில் கட்டினேன். பீடை கொல்லையிலிருந்து கட்டில் பக்கத்துக்கே வந்துவிட்டது. அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அடிமரத்தில் அரிவாளைப் போட்டேன். எருக்கம்பால் கையெல்லாம் வழிந்தது. அது கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். அதனால் முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை. அப்படியே வழியவிட்டுக்கொண்டு வெட்டினேன். வேரைத் தோண்ட மனம் வரவில்லை. டப்பாவை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கொள்ளிடக்கரைக்குப் போய், அங்கே காடாகக் கிடக்கிற எருக்கில் புழுக்களை விட்டேன். குளித்துவிட்டு வந்த ஒருவர் என்ன பரிகாரம் இது என்று கேட்டார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

ஜன்னல் கம்பியில் இருந்த கூடுகள் ஒவ்வொன்றாகக் கறுத்து, கண்ணாடி மாதிரி ஆகி, திறந்தன. இறக்கை உலரும்வரை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசிக் கூடும் காலியான பிறகு அவளுக்குப் பார்க்க வெறும் மதில்தான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு மதியம் அவள் அம்மாவைக் கூப்பிட்ட குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். துடிப்பு இல்லை என்றார்கள். அதற்கு மேல் எனக்கு அந்த நாள் ஞாபகம் இல்லை. ஞாபகப்படுத்திக்கொள்ளவும் விருப்பமில்லை.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு சம்பந்தியம்மா வந்தார். அவருக்காக நான் சில வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். வெட்டியாச்சே, இப்போது எந்தச் செடியைச் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். ஆட்டோவில், படுக்கையில், பல் தேய்க்கும்போது என்று பல தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். அவர் மருமகளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, நேரே கொல்லைக்கு வந்தார். வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"புள்ளத்தாச்சி இருக்குற வீட்டுல பச்ச மரத்துல கத்தி வைக்கக் கூடாதும்பாங்கண்ணே. எங்க வீட்டுல நாங்க ஒரு முருங்கக் கெளகூட வெட்டுனதில்ல. அன்னைக்கு எனக்கு அது ஞாபகத்துக்கே வரல. உங்க கையால வெட்ட வச்சுட்டேனே. நான்தான் கொன்னுட்டேனா?"

நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து தும்பையை விலக்கினேன். வெட்டிய கட்டையின் ஓரத்தில் எருக்கு துளிர்த்திருந்தது. வெள்ளை மாவு பூசின மாதிரி சின்னச் சின்ன இலைகள்.

"செடி சாகலம்மா. நான் வேர எடுக்கல. பாருங்க."

"நெசமா சாகலையா?"

"சாகல."

அவர் எழுந்துபோய்த் தொட்டியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டுவந்து துளிரின் அடியில் ஊற்றினார். எருக்குக்குத் தண்ணீர் தேவையே இல்லை. நான் தடுக்கவில்லை. அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. எனக்கும் ஒரு நிமிஷம் மனசு லேசானது.

"அப்பா" என்று ஜன்னலிலிருந்து மகள் கூப்பிட்டாள். நாங்கள் பேசியது அவ்வளவும் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"செடிய வெட்டியாச்சு. செடி சாகவும் இல்ல. அப்புறம் எதனாலப்பா?"

சம்பந்தியம்மா சொம்போடு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.