கிட்டண்ணன் வாங்கின விலை கூடின பெட்டி

கிட்டண்ணா... போயிட்டீங்களா.

காலையில நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க. எனக்கு போன் வரும்போது எல்லாம் முடிஞ்சிருந்தது.

ஸ்ரீவராகத்துல அவங்க வீட்டுக்குப் போயிட்டு இப்பதான் வந்தேன். எடுத்த பிறகு மாமி என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு ஒண்ணு கேட்டாங்க. அதுதான் மனசுல கிடந்து அறுக்குது.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். கிட்டண்ணனும் நானும் வழுதக்காடு பக்கம் ஒரு ஹோம் தியேட்டர் ஷோரூம்ல ரொம்ப வருஷம் ஒண்ணா வேலை பார்த்தோம். அவரு சேல்ஸ். நான் தூத்துத் துடைக்க, டீ போட.

அவரை அண்ணான்னும் அவரு சம்சாரத்தை மாமின்னும் கூப்பிடுவேன். "இது என்ன முறைடி செல்லம்மா, எந்த ஊர்ல இப்படி"ன்னு சிரிப்பாரு. ஆனா மாத்தச் சொன்னதில்ல.

கடையில ஒரு ஏசி ரூம் உண்டு. சோபா, கர்ட்டன், சுத்தி ஸ்பீக்கர். அங்கதான் புரொசஸர் வச்சிருப்பாங்க... படத்துல வர்ற பேச்சை முன்னாடியும், மழைச் சத்தத்தைப் பின்னாடியும் பிரிச்சு அனுப்புற கறுப்புப் பெட்டி. சாதாரணமும் உண்டு. ஒரு நல்ல பைக் வாங்குற விலைக்கும் உண்டு.

விலை கூடினது வேணும்னு யாராவது வந்தா அண்ணன் என்னைக் கர்ட்டனுக்குப் பின்னாடி நிறுத்திடுவாரு. "நான் கையைத் தூக்கினா ஸ்விட்சை மாத்து. வாயைத் திறக்கப்படாது."

ஒரு தடவை சின்னப் பெட்டி, ஒரு தடவை பெரிய பெட்டி. எது எதுன்னு வந்தவங்க சொல்லணும்.

சில நேரம் முன்னாடியே கண்ணைக் காட்டுவாரு... மாத்தாதேன்னு. அவரு கையைத் தூக்குவாரு, நான் ஸ்விட்சைத் தொடாம சும்மா நிப்பேன். கல்ஃப்ல இருந்து வந்த ஒருத்தரு அப்படியே கண்ணை மூடிக்கிட்டு, "ஆ... இப்பதான் சத்தத்துக்கு உயிர் வந்தது"ன்னாரு. நான் சேலைத் தலைப்பை வாயில அடைச்சுக்கிட்டேன்.

அவருக்கு சின்னதைத்தான் கொடுத்தாரு அண்ணன். "மிச்சக் காசுக்கு தரையில நல்ல கார்ப்பெட் போடுங்கோ சார், சத்தம் எதிரொலிக்காது." வித்தியாசம் கண்டுபிடிச்சுட்டாங்கன்னா சந்தோஷமா பெரிசைக் கொடுப்பாரு. அப்படியும் ஆளுங்க உண்டு.

முதலாளி மலையாளி. அவருக்கு எரியும். "கிட்டூ, நீ சாதனம் விக்க வந்ததா, விக்காம இருக்க வந்ததா?"

"காது கேட்டுதுன்னா விக்கறேன் முதலாளி. கேக்கலைன்னா நாளைக்கு நம்மளைத்தானே திட்டுவான்."

எனக்கு மட்டும் ஒருநாளும் வித்தியாசம் தெரிஞ்சதில்ல. சொன்னா, "உன்னை மாதிரி நாலு பேர் வந்தா கடையைப் பூட்டிட்டுப் போலாம்"பாரு.

அப்படிப்பட்ட மனுஷன்... புது மாடல் வந்தப்போ, ஷோரூம்ல வச்சிருந்த பெரிய பெட்டியைத் தானே எடுத்துக்கிட்டாரு. விலை குறைச்சுதான் கொடுத்தாங்க. ஆனாலும் அது, மாமி அடுக்களைக் கூரையை மாத்தறதுக்கு எடுத்து வச்சிருந்த காசு.

ஒவ்வொரு மழைக்கும் மாமி அடுப்புப் பக்கத்துல வாளி வச்சாங்க. பெட்டிக்கு ஒரு பேரும் வச்சாங்க. சக்களத்தி.

அது வந்த அன்னைக்கு ஸ்பீக்கர் தூக்க நானும் போயிருந்தேன். அந்தப் பெட்டிக்கு ஒரு சின்ன மைக் உண்டு. நாம உக்கார்ற இடத்துல, நம்ம காது உயரத்துக்கு வைக்கணும். ஒவ்வொரு ஸ்பீக்கரா உஷ்ஷுன்னு சத்தம் போட்டு பெட்டி அதைக் கேட்டு வச்சுக்கும். பிறகு அந்த இடத்துல உக்கார்றவங்களுக்குத்தான் சத்தம் சரியா வந்து சேரும்.

அதுவரைக்கும் யாரும் அசையக்கூடாது. அங்க வீடெல்லாம் ஒட்டி ஒட்டி, ஒரே சுவரு. பக்கத்து வீட்டுல கிரைண்டர் ஓடுது. நான் போய் கெஞ்சி நிறுத்திட்டு வந்தேன். "உங்க வீட்டுல என்ன, பிரசவமா?"ன்னு கேட்டாங்க.

வந்து பார்த்தா, அண்ணன் பிரம்பு நாற்காலியை நடுவுல போட்டுக்கிட்டு அடுக்களையைப் பார்த்துக் கூப்பிடுறாரு. "அம்பு, சித்த வந்து இதுல உக்காரு."

"எதுக்கு?"

"சும்மா உக்காரேன்."

மாமி ஈரக் கையோட வந்து உக்காந்தாங்க. அண்ணன் அவங்க காதுக்கு நேரா உள்ளங்கையை வச்சுப் பார்த்தாரு. "ஆச்சு, போ."

"பைத்தியம்." மாமி போயிட்டாங்க. அந்த உயரத்துலதான் மைக்கை வச்சாரு.

நான் கேட்டேன், "அண்ணா, கேக்கப்போறது நீங்கல்லா?"

"நான்தான் கடையில நாள் பூரா கேக்கறேனே. ஓரமா உக்காந்துப்பேன்."

அப்படித்தான் உக்காந்தாரு, நிலைப்படி ஓரத்துல. நான் எப்பப் போனாலும் அந்த நாற்காலியில மடிச்ச துணிதான் இருக்கும். மாமி ஒருநாளும் அதுல உக்காந்து நான் பார்த்ததில்ல. படம் ஓடும்போது அவங்க அடுக்களையில ரேடியோ வச்சிருப்பாங்க.

இன்னைக்கு மாமி கேட்டது இதுதான். "நீ அந்தக் கடையில இருந்தவதானேடி. நிஜத்தைச் சொல்லு. அது அந்த விலை பெறுமா? அப்படி என்னதான் கேட்டார் அதுல?"

"தெரியல மாமி"ன்னேன். அதுவும் பொய்யில்ல.

விக்கறதுக்கு ஆள் பார்க்கச் சொல்லியிருக்காங்க. மாமிக்கு பேஸ்புக் கிடையாது, இதைப் படிக்கமாட்டாங்க.

நல்லபடியா போங்க அண்ணா. நீங்க சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்ல.

ஆனா ஒண்ணு மட்டும்... அன்னைக்கு யாரு காது உயரத்துக்கு மைக் வச்சீங்கன்னு, நீங்களே சொல்லாததை, நான் மாமிகிட்ட சொல்லட்டுமா?