புருல் அக்காவின் அபசகுன வாய்

எங்கள் மலையூரான நாரினின் விமானத் திடலில் புருல் அக்காவுக்கு அபசகுனக்காரி என்று பெயர். பெயர் வைத்தவர்கள் அவள் ஓட்டினால்தான் ஏறுவார்கள், அது வேறு கதை. ஆறு இருக்கை, இரண்டு எஞ்சின் கொண்ட குட்டி விமானம் அவளுடையது. அதற்கு மெக்கானிக் நான்.

கிளம்பும் முன் பக்கத்து இருக்கைக்காரரிடம் விரல் விட்டு எண்ணிச் சொல்வாள். "தரையில ஓடுறப்ப ஒரு எஞ்சின் நின்னா ரெண்டையும் மூடிட்டு பிரேக். எழும்பின உடனே நின்னா மூக்கைத் தாழ்த்தி நேரா உருளைக்கிழங்கு வயல். திரும்பி வரப் பார்க்க மாட்டேன். எங்க, நீங்க சொல்லுங்க." திருப்பிச் சொல்லாதவரை எஞ்சினைக் கிளப்ப மாட்டாள். வீட்டிலும் இதே கூத்து. இரண்டு அகப்பைகளை நெம்புகோலாகப் பிடித்து ஒத்திகை பார்ப்பாள், அடுப்பில் சூப் பொங்கி வழியும்.

அந்த ஜூலை மதியம் சோரோன்பாய் வந்து நின்றார். மகள் ஐஜார்க்குக்கு ஓஷ் நகரில் அன்று மாலை கல்யாணம். மலைப்பாதையை மண்சரிவு மூடிவிட்டது. அப்பா கையேந்தி ஆசி சொல்லாமல் எந்தப் பெண்ணை எங்கள் ஊரில் அனுப்பினார்கள்?

புருல் எல்லாவற்றையும் தராசில் போட்டாள். எடை மிஞ்சியது. சீர்க் கம்பளங்கள் இரண்டும் இறங்கின. கூட வந்த மச்சானும் இறங்கினார்.

"ரெண்டு எஞ்சின் வச்சுக்கிட்டு என்னம்மா பயம்? ஒன்னு போனா இன்னொன்னு இருக்கே!" என்றார் சோரோன்பாய்.

"இந்த உசரத்துல, இந்த வெயில்ல, ஒத்தை எஞ்சின் நம்மளத் தூக்காது அண்ணே. கோணலா இழுத்துக் கவுத்துடும். சரி, ஒரு எஞ்சின் நின்னா என்ன பண்ணணும்? சொல்லுங்க."

"கல்யாணத்துக்குப் போற நேரத்துல இதென்ன பேச்சு? உன் வாயில நல்லதே வராதா?"

"நல்லது வானத்துல. இங்க இதைச் சொல்லுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று முறை சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் புருலின் பக்கத்தில், நான் பின்னிருக்கையில். பாதி ஓடுதளம் தாண்டியிருப்போம். இடது எஞ்சின் இருமியது, நின்றது. மூக்கு சடக்கென்று இடப்பக்கம் திரும்பியது. "ரெண்டையும் மூடு!" என்று அலறியது சோரோன்பாய்தான். அதற்குள் புருல் மூடியாயிற்று. பிரேக் கிறீச்சிட, வலக்காலை அழுத்தி வண்டியை நேராக்கினாள். ஓடுதளத்தின் கடைசியில் உள்ள வாய்க்காலுக்கு நாலு முழம் இருக்கும்போது நின்றோம்.

நின்ற குலுக்கலில் என் பின்னாலிருந்து ஒரு சாக்கு பறந்து போய் சோரோன்பாயின் பிடரியில் மொத்தென்று விழுந்தது. உள்ளே வேகவைத்த ஆட்டிறைச்சி, தலையோடு! சம்பந்திக்குத் தர வேண்டிய பங்கு. தராசுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறார் மனுஷன்.

"எத்தனை கிலோ?" என்றாள் புருல்.

"முப்பது." அவர் தலை நிமிரவில்லை.

"அதான் வாய்க்கால் வரைக்கும் வந்துட்டோம்."

மூவரும் பைத்தியம் பிடித்ததுபோலச் சிரித்தோம். எரிபொருள் வடிகட்டி அடைத்திருந்தது. காலையில் பார்க்காமல் விட்டது நான், வெட்கமாக இருந்தது. சுத்தம் செய்து, இரண்டு எஞ்சினையும் நின்ற இடத்திலேயே ஓட விட்டுச் சோதித்தோம். வெயில் தணிந்தபின் கிளம்பினோம், இறைச்சி இல்லாமல். பாடத்தை இம்முறை சோரோன்பாய் யாரும் கேட்காமலே ஒப்பித்தார்.

ஓஷில் கல்யாணக்கூட்டம் வாசலைப் பார்த்துக் காத்திருந்தது. சோரோன்பாய் இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தினார். எல்லாரும் ஏந்தினார்கள். ஆசி முடிந்து அவர் முகத்தைத் தடவினால்தான் மற்றவர்கள் தடவலாம்.

"பிள்ளைங்களே, வழி வெள்ளையா, தடையில்லாம இருக்கட்டும். ஆனா ஒருத்தர் பாதியில சோர்ந்து நின்னா மத்தவர் என்ன பண்ணணும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்குங்க."

"நல்ல நாள்ல இதென்ன அபசகுனம்!" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. வாய் நிறையச் சோற்றோடு இருந்த புருலுக்குப் புரையேறியது.

"மாப்பிள்ளை, எங்க, திருப்பிச் சொல்லுங்க" என்றார் சோரோன்பாய்.

மாப்பிள்ளை சொல்லி முடிக்கும்வரை அவர் ஏந்திய கையை இறக்கவில்லை.